டைட்டில் கார்டில் ஒரு கேள்விக்குறி: போரிஸ் கார்லாஃபும் நான்கு பேர் போட்ட ஒரே முகமும்

1931 நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஓடத் தொடங்கியபோது, படத்தின் ஆரம்ப டைட்டிலில் எல்லா நடிகர்களின் பெயரும் இருந்தது. ராட்சதன் என்ற வேடத்துக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி. படம் முடிந்தபின் வரும் பட்டியலில்தான் போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் வந்தது, அதுவும் நான்காவதாக. முன்னோட்டக் காட்சிக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லை. விளம்பரத்துக்காகச் செய்த தந்திரம் என்று கேள்விக்குறியை விட்டுவிடலாம். அழைப்பு அனுப்பாததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. ஸ்டூடியோ கணக்கில் அவர் ஒரு ஒப்பனையைச் சுமக்க வந்த ஆள், அவ்வளவுதான்.

ராட்சத வேடம் போடும் எல்லா நடிகருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. முகத்தில் அரை அங்குலத்துக்கு மேல் பூச்சு; உடம்பு முழுக்கப் பொதி; வசனம் கிடையாது. அப்படியானால் நடிப்பது யார்? கார்லாஃப் விஷயத்தில் இதற்குப் பதில் தேட ஒரு வசதி இருக்கிறது. அதே ஒப்பனையை, அதே ஒப்பனைக்காரர் கையால், பிற்பாடு வேறு மூன்று பேர் போட்டுக்கொண்டு நடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுச் செய்தாலும் இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

வாயடைத்தது மேடை

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில், ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி படைத்த அந்த ராட்சதன் பக்கம் பக்கமாகப் பேசுவான். ஆங்கிலக் கவி மில்டனைப் படிப்பான், தன்னைப் படைத்தவனோடு நியாயம் பேசுவான். அவன் வாயை அடைத்தது நாடகம். 1823 ஜூலையில் லண்டன் இங்கிலீஷ் ஓபரா ஹவுஸில் அரங்கேறிய மேடை வடிவத்தில் டி. பி. குக் என்ற நடிகர் நீலம் பூசிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், உடம்பாலேயே அந்த வேடத்தைச் செய்தார். நாடக நோட்டீஸில் பாத்திரத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. மேரி ஷெல்லியே போய்ப் பார்த்தார். பெயர் வைக்க முடியாததற்கு இப்படிப் பெயர் வைத்தது நன்றாகத்தான் இருக்கிறது என்று நண்பருக்குக் கடிதமும் எழுதினார். 1931இன் கேள்விக்குறி அந்தக் கோட்டின் வாரிசு.

எடிசன் கம்பெனி 1910இல் எடுத்த குறும்படத்தில் சார்ல்ஸ் ஓகில் சிலிர்த்த தலைமுடியோடு வந்தார். அதைத் தாண்டிப் போகலாம். பிற்காலத்து ராட்சதனுக்கு அதிலிருந்து எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

படத்தை எடுத்த யுனிவர்சல் ஸ்டூடியோ முதலில் யோசித்த ஆள் பேலா லுகோசி. 1931 பிப்ரவரியில் வந்த ‘டிராகுலா’ அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கியிருந்தது. ராபர்ட் ஃப்ளோரி இயக்கத்தில் ஒரு டெஸ்ட் ஷூட்டும் நடந்தது. வசனமே இல்லாத, முகமே தெரியாத வேடம் லுகோசிக்குப் பிடிக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அவரே விலகினாரா, விலக்கப்பட்டாரா என்று சினிமா ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ, படம் இயக்குநர் ஜேம்ஸ் வேல் கைக்கு மாறியது. அவர் ஸ்டூடியோ கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு துணை நடிகரின் மண்டை அமைப்பைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார்.

அந்தத் துணை நடிகருக்கு அப்போது 43 வயது. இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் பிறந்தவர். தகப்பனார் இந்தியாவில் பிரிட்டிஷ் அரசின் உப்பு வரித் துறையில் வேலை பார்த்தவர். தாய்வழியிலும் தந்தைவழியிலும் இந்திய ரத்தம் உண்டு. கருத்த தோலும் குழிந்த கண்களும் அங்கிருந்து வந்தவை. அண்ணன்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக, இவர் 1909இல் கனடாவுக்குக் கப்பலேறி, ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்தார். பிறகு ஹாலிவுட்டில் அராபியன், இந்தியன், அடியாள் என்று கிடைத்ததையெல்லாம் நடித்தார். வேடம் கிடைக்காத நாட்களில் லாரி ஓட்டினார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வரும்போது சுமார் எண்பது படங்கள் முடித்திருந்தார். ஒன்றில்கூட அவரை யாரும் கவனித்ததில்லை என்பதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஒப்பனை நாற்காலி

ஜாக் பியர்ஸ் கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறியவர், யுனிவர்சல் ஒப்பனைத் துறையின் தலைவர். தலை ஏன் அப்படித் தட்டையாக இருக்கிறது என்பதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். ஃபிராங்கன்ஸ்டைன் விஞ்ஞானி, கைதேர்ந்த அறுவை மருத்துவன் அல்ல. மூளையை உள்ளே வைக்கவேண்டுமானால் அவன் சுலபமான வழியைத்தான் பார்ப்பான். மண்டையைக் குறுக்கே நேராக அறுத்து, டப்பா மூடியைத் திறப்பதுபோலத் திறந்து, மூளையை வைத்து, மறுபடி மூடிக் கவ்வி வைத்துவிடுவான். கழுத்தின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பவை போல்ட் அல்ல, மின்சாரம் பாய்ச்சுவதற்கான முனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அலங்காரத்துக்கென்று அந்த முகத்தில் எதுவும் இல்லை.

ரப்பர் முகமூடி கிடையாது. பஞ்சை வைத்து அதன்மேல் கொலோடியன் என்ற, காய்ந்தால் இறுகிவிடும் நெடியான திரவத்தைத் தடவி, அடுக்கு அடுக்காக நெற்றியை எழுப்பவேண்டும். ஒவ்வொரு நாள் காலையும் புதிதாக. சுமார் நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் கலைப்பதற்கு இன்னொரு மணி, ஒன்றரை மணி நேரம். மேலே சாம்பல் பச்சையான பூச்சு, கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அதுதான் பிணத்தின் வெளுப்பாகத் தெரியும். கோட்டின் கை நீளத்தைக் குறைத்துத் தைத்தார்கள், கைகள் நீளமாகத் தெரிவதற்காக. கால்களில் தார் ரோடு போடுபவர்கள் மாட்டும் கனத்த பூட்ஸ், ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ. இதெல்லாம் ஆகஸ்ட் மாதக் கலிஃபோர்னியா வெயிலில்.

இதில் நடிகரின் பங்கு என்ன? இரண்டு விஷயம் உறுதியாகத் தெரியும். கார்லாஃபுக்கு வாயின் ஒரு பக்கம் கழற்றி மாட்டும் பல்செட் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கன்னத்தை உள்ளே இழுத்தார். அந்தக் குழிவுக்குப் பூச்சு வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று கண். எல்லாம் முடிந்து கண்ணாடியில் பார்த்தால் கண்கள் மட்டும் பளிச்சென்று, எல்லாம் புரிந்த மனிதனுடையவை போல இருந்தன. இவன் இப்போதுதான் பிறந்தவன், ஒன்றுமே புரியாமல் திகைத்து நிற்பவன். அதனால் இமைகளில் மெழுகு வைத்துக் கனமாக்கச் சொன்னார். பாதி மூடிய அந்தப் பார்வை இன்று முகமூடிக் கடைகள் வரை வந்துவிட்டது.

கவனித்தால், இரண்டுமே தன்னிடம் இருப்பதை எடுத்துவிடும் காரியங்கள். ஒரு நடிகருக்குக் கண்தான் கடைசி ஆயுதம். அதையும் பாதி மூடிக்கொண்டார்.

கூரை திறக்கும் காட்சி

ராட்சதன் முதல்முறை வருவது எல்லாருக்கும் நினைவிருக்கும். கதவு திறக்கிறது, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே வருகிறான், மெல்லத் திரும்புகிறான், கேமரா இரண்டு வெட்டில் முகத்துக்குக் கிட்டே போய்விடுகிறது. அது இயக்குநரின் சாமர்த்தியம். அடுத்து வருவதுதான் நடிகருடையது.

உட்காரச் சொல்கிறார்கள், உட்காருகிறான். மேலே கூரையின் திறப்பை விலக்குகிறார்கள். அவன்மேல் வெளிச்சம் விழுகிறது. இதுவரை அவன் வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. முகம் மெதுவாக நிமிர்கிறது. எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே நீட்டுகிறான். விரல்கள் அளைகின்றன, பிடித்துவிடக்கூடிய பொருள் என்று நினைத்துக்கொண்டு. கூரையை மூடிவிடுகிறார்கள். கைகள் இறங்குகின்றன, ஆனால் உடம்போடு சேர்ந்துகொள்வதில்லை. உள்ளங்கை விரிந்தபடியே தன்னைச் செய்தவனைப் பார்த்து நீளுகின்றன. எங்கே போயிற்று, கொடு என்று கேட்கிற கை. நெற்றி அசையாது, இமை அசையாது, வாய் திறந்தும் திறக்காமலும். முழுக் காட்சியும் மணிக்கட்டுக்குக் கீழே நடக்கிறது.

கொஞ்ச நேரத்தில் விஞ்ஞானியின் உதவியாளனான கூனன் தீப்பந்தத்தோடு வந்துவிடுகிறான், அப்புறம் அந்தக் கைகள் இப்படி நீளுவதே இல்லை. ஒரு தடவை ஏரிக்கரையில் நீளுகின்றன.

மாலிபூ ஏரி என்ற இடத்தில் எடுத்த காட்சி அது. மரியா என்ற சிறுமி ராட்சதனைக் கண்டு பயப்படாமல் பூ கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடுகிறார்கள். அவன் சிரிக்கிறான். பூ தீர்ந்துபோகிறது. இந்தப் பெண்ணும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறான். கார்லாஃப் இதற்கு மறுப்புச் சொன்னார். பூவை வைத்த மாதிரி மெதுவாக வைக்கவேண்டும், தலைக்குமேல் தூக்கி எறிந்தால் கொடூரமாகிவிடும் என்பது அவர் வாதம். வேல் கேட்கவில்லை.

சிறுமியாக நடித்த மேரிலின் ஹாரிஸ் பெரியவளான பின் சொன்ன கதை ஒன்று உண்டு. முதல் டேக்கில் அவள் சரியாக மூழ்கவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் கேட்டது கிடைக்கும் என்றார் வேல். டயட்டில் வைக்கப்பட்டிருந்த குழந்தை ஒரு டஜன் அவித்த முட்டை கேட்டாளாம். இரண்டு டஜன் வந்ததாம்.

பல மாநிலத் தணிக்கைக்காரர்கள் அந்தக் காட்சியில் கை வைத்தார்கள். முப்பதுகளின் பிற்பாதியில் மறுவெளியீடு வந்தபோது, ராட்சதன் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி நின்றது. அடுத்து, செத்துப்போன பெண்ணைத் தூக்கிக்கொண்டு தகப்பன் ஊருக்குள் வருகிறான். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்ளும், கண்ணால் பார்த்திருக்கக்கூடியதைவிட அசிங்கமாகவே நிரப்பும். வெட்டுப்பட்ட துண்டு எண்பதுகளில்தான் படத்தில் திரும்பச் சேர்ந்தது. சுமார் ஐம்பது வருடம் ஒரு நடிகரின் அப்பாவித்தனமான வேலை, காமுகனின் வேலையாகத் தெரிந்தது. கத்தரிக்கோல் வைத்தவர்கள் ஒழுக்கத்தைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

கால்ஷீட்டும் முதுகும்

ஒப்பனைக்கு நான்கு மணி நேரம், கலைக்க ஒன்றரை மணி நேரம், நடுவில் ஷூட்டிங். சாதாரண நடிகரின் கால்ஷீட்டை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. ஒரு தடவை கார்லாஃபின் வேலைநாள் 25 மணி நேரத்தைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது. காற்றாலைக் காட்சிக்காக, கதாநாயகன் காலின் கிளைவைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறவேண்டும். வேல் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தார். டம்மி வைக்கலாமே என்று கேட்டதற்கும் ஒப்புக்கொள்ளவில்லையாம். கார்லாஃபுக்குப் பின்னாளில் முதுகில் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, கடைசிக் காலத்தில் காலுக்கு இரும்புச் சட்டம் போட்டுக்கொண்டுதான் நடந்தார். எல்லாப் பழியையும் அந்த ஒரு மேட்டின்மேல் போட நான் தயாரில்லை. இளவயதில் மண் அள்ளியதும் மூட்டை தூக்கியதும் அதே முதுகுதான். ஆனால் அந்தப் படம் அதற்கு நல்லது செய்யவில்லை.

இதன் தொடர்ச்சிதான் சினிமாப் பத்திரிகைகள் அதிகம் பேசாத பகுதி. 1933 மார்ச்சில் ஸ்டூடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தைப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தன. சில நடிகர்கள் கூடிப் பேசினார்கள். அந்த ஜூன் கடைசியில் ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்ட் என்ற நடிகர் சங்கம் பதிவானது. கார்லாஃப் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர், உறுப்பினர் எண் 9. அப்போது சங்கம் என்று பேசினாலே வேலை போகும் நிலைமை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வெற்றிக்குப் பிறகு அவருக்கு இழக்க நிறைய இருந்தது. ஸ்டூடியோக்கள் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் போட 1937 ஆயிற்று. அதன்பின்னும் பல வருடம் அவர் நிர்வாகக் குழுவில் இருந்தார்.

காதல் நாயகனுக்குத் தன் முகமே சாட்சி. அவனை எளிதில் மாற்ற முடியாது. முகம் தெரியாதவனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று முதலாளி நினைப்பான். வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒரு ராட்சத வேடக்காரர் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பேச வைத்தார்கள்

1935இல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் டைட்டிலே தலைகீழ். ‘கார்லாஃப்’ என்று ஒற்றைப் பெயர், பெரிய எழுத்தில். கேள்விக்குறி இப்போது மணப்பெண்ணாக நடித்த எல்சா லான்செஸ்டருக்குப் போய்விட்டது! இந்தப் படத்தில் ராட்சதனுக்குச் சில சொற்கள் உண்டு. கார்லாஃப் கடுமையாக எதிர்த்தார், தோற்றார். பேசினால் அவன்மேல் இருக்கும் பரிவு போய்விடும் என்று கடைசிவரை சொன்னார். பேச வேண்டியிருந்ததால் பல்செட்டைக் கழற்றவும் முடியவில்லை; அதனால்தான் இரண்டாம் படத்தில் கன்னம் உப்பித் தெரிகிறது.

இந்த ஒரு விஷயத்தில் நான் வேல் பக்கம். கண்தெரியாத துறவி ரொட்டி கொடுத்து, வயலின் வாசித்து, தனிமை கெட்டது, நண்பன் நல்லது என்று சொல்லிக்கொடுக்கும் காட்சியில், ராட்சதன் அதைத் திக்கித் திருப்பிச் சொல்வதைக் கேட்டவர்கள் கார்லாஃபின் வாதத்தை ஏற்கமாட்டார்கள். தன் வாதத்தைத் தன் நடிப்பாலேயே அவர் தோற்கடித்துவிட்டார். மேடையில் இது இன்னும் தூரம் போனது. 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டேனி பாயில் இயக்கிய நாடகத்தில், பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் விஞ்ஞானியாகவும் ராட்சதனாகவும் மாறி மாறி நடித்தார்கள். அதில் ராட்சதன் நாவலில் போலவே வாதாடுகிறான்.

1939இல் ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ முடித்ததும் கார்லாஃப் அந்த வேடத்தை முழுநீளப் படங்களில் கைவிட்டார். இனி அவன் கதையில் ஒரு சாமான், கேலிப்பொருள் ஆகிவிடுவான் என்பது அவர் கணிப்பு.

அதே முகம், வேறு ஆட்கள்

1942இல் லான் சேனி ஜூனியர். 1943இல், பன்னிரண்டு வருடம் முன்பு தவறவிட்ட அதே பேலா லுகோசி. 1944இலும் 1945இலும் கிளென் ஸ்ட்ரேஞ்ச். மூவருக்கும் ஒப்பனை ஜாக் பியர்ஸ்தான்.

சேனி நல்ல ஆகிருதி, கல்தூண் மாதிரி நிற்பார். வெளிச்சத்தைப் பார்த்துக் கை நீட்டியவனாக அவரை நினைக்கவே முடியவில்லை. லுகோசியின் கதை பரிதாபம். முந்தைய படத்தின் முடிவில் ராட்சதனுக்குக் கண் போய்விடுகிறது, வேறொருவன் மூளை வந்துவிடுகிறது. லுகோசி குருடனாகவும் பேசுபவனாகவும் நடித்தார். எடிட்டிங்கில் வசனம் முழுக்கப் போயிற்று. குருடன் என்ற தகவலும் கூடவே போயிற்று. மிஞ்சியது இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுமாறும் ஓர் ஆள், காரணமே தெரியாமல். இன்று உலகமெங்கும் குழந்தைகள் ஃபிராங்கன்ஸ்டைன் நடை என்று நடந்துகாட்டுவது கார்லாஃபுடையது அல்ல, அந்த வெட்டுப்பட்ட குருடனுடையது. கார்லாஃப் கைகளைத் தொங்கவிட்டுத்தான் நடந்தார்.

கிளென் ஸ்ட்ரேஞ்ச் நடித்த முதல் படத்தில் கார்லாஃப் டாக்டர் வேடத்தில் இருந்தார். எப்படி நடக்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே என்று ஸ்ட்ரேஞ்ச் நன்றியோடு சொன்னதுண்டு. ஒப்பனையோடு ஒட்டி வராத ஏதோ ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. நால்வரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்: பயம் எல்லாரிடமும் கொஞ்சம் வருகிறது. இவனுக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாமே என்ற நினைப்பு ஒருவரிடம் மட்டுந்தான். முதல் படம் வந்தபோதே குழந்தைகள் கார்லாஃபுக்குக் கடிதம் எழுதி ராட்சதனுக்காக வருத்தப்பட்டார்கள்.

ஒப்பனை இல்லாமலும் அந்த முகம் வேலை செய்தது. 1941 ஜனவரியில் பிராட்வேயில் தொடங்கிய ‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ நகைச்சுவை நாடகத்தில் அவர் கொலைகார அண்ணன். உன்னைப் பார்த்தால் போரிஸ் கார்லாஃப் மாதிரி இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும், சொன்னவனைத் தீர்த்துவிடுவான். சொல்லப்படுபவன் நிஜ போரிஸ் கார்லாஃப் என்பதால் அரங்கு தினமும் அதிர்ந்தது.

முகம் யாருடையது

சட்டப்படி அந்த ஒப்பனை யுனிவர்சலின் சொத்து. பொம்மை, முகமூடி, மாவுப் பண்டப் பெட்டி என்று இன்றைக்கும் அதற்கு உரிமத் தொகை வருகிறது. அதை உருவாக்கிய பியர்ஸை நாற்பதுகளின் பிற்பாதியில் ஸ்டூடியோ வெளியே அனுப்பியது. வேகமாகப் பூட்டிக் கழற்றும் ரப்பர் துண்டுகளின் காலம் வந்துவிட்டது. 1968இல் அவர் இறந்தபோது ஆஸ்கரில் ஒப்பனைக்கென்று நிரந்தரப் பிரிவுகூட இல்லை.

நடிகர்கள் பக்கம் வழக்கு போட்டது லுகோசியின் குடும்பம். டிராகுலாவாக அவர் இருக்கும் உருவத்தைப் பொருட்களில் அச்சிட்டு யுனிவர்சல் பணம் பார்ப்பது சரியா என்பது கேள்வி. 1979இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: தன் பெயரையும் தோற்றத்தையும் வணிகமாக்கும் உரிமை அந்த நடிகரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போகாது. வேடம் நடிகனுக்குச் சொந்தமல்ல என்று ஒரு நீதிபதி தனியே எழுதினார். டிராகுலாவைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது; கோட்டு மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். பாதி மூடிய இமையும் குழிந்த கன்னமுமாக வரும் முகத்துக்கு அதே வாதம் அவ்வளவு எளிதில் பொருந்தாது. அந்தக் கன்னக்குழி பியர்ஸ் செய்ததல்ல, ஸ்டூடியோ வாங்கியதும் அல்ல. சில வருடங்களில் மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு, இறந்தவரின் தோற்றத்தின்மேல் வாரிசுகளுக்கு உரிமை கொடுத்தது. 1997இல் அமெரிக்கத் தபால் துறை பழைய ராட்சதர்களுக்கு ஐந்து தபால்தலை வெளியிட்டது. அதில் இரண்டில் இருப்பது கார்லாஃப்: ஒன்று ஃபிராங்கன்ஸ்டைனின் ராட்சதன், மற்றது ‘மம்மி’.